வட்ட ஓட்டை

இல்ல தம்பி, புதுசு வேணாம். புதுசை எடுத்துக் காட்டாதீங்க. இந்தப் பைக்குள்ள இருக்குறதைப் பாத்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். இந்த ஹெட்போன் கெட்டதா, நல்லதா. கெட்டதுன்னு சொன்னீங்கன்னா நான் சண்டைக்கு வரமாட்டேன், மாத்திக் குடுங்கன்னும் கேக்கமாட்டேன். ரசீதுகூட கொண்டு வரல பாருங்க. கெட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கும்பிட்டுட்டுப் போயிடுறேன்.

உங்க கடையிலதான் வாங்குனேன். தீபாவளி முடிஞ்ச மறு வாரம். சிராங்கூன் ரோட்டுல அலங்கார லைட்டுகூட இன்னும் கழட்டல. நீங்க இதே ஸ்டூல்ல உக்காந்து பொட்டலம் பிரிச்சு பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. ஞாபகம் இல்லையா. இருக்காது, ஒரு நாளைக்கு எத்தனை ஆன்ட்டி வராங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஏன்னா நீங்க என்னை ஒரு கேள்வி கேட்டீங்க. ஆன்ட்டி, உங்க வீட்டு டிவியில ஹெட்போன் ஓட்டை இருக்கான்னு பாத்தீங்களா, இப்ப வர்ற டிவியில அது இருக்குறதே இல்லன்னு கேட்டீங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா. அந்த ஓட்டையைச் செஞ்சவளே நான்தான் தம்பி, என்கிட்டயே கேக்குறீங்களேன்னேன். நீங்க சிரிச்சிட்டு பையில போட்டுக் குடுத்துட்டீங்க.

இப்பவும் சிரிக்கிறீங்க. ஆனா அது உண்மை லா. ஆங் மோ கியோவுல ஒரு ஃபேக்டரி இருந்துச்சு. ரேடியோவும் கேசட்டும் ஒண்ணா இருக்குற செட்டு செய்வாங்க, கைப்பிடி வச்சு தூக்கிட்டுப் போற மாதிரி. அங்க இருபத்திரண்டு வருசம் நாலாவது லைன்ல உக்காந்திருந்தேன். என் வேலையே ஹெட்போன் சொருகுற ஓட்டைதான். அதுக்கு அஞ்சு காலு இருக்கும். அஞ்சையும் போர்டுல வச்சு ஈயம் வைக்கணும். நான் படிச்சது மூணாங்கிளாஸ். ஆனா அந்த அஞ்சு காலையும் கண்ணை மூடிக்கிட்டு வைப்பேன். சூப்பர்வைசர் ஒரு சீனப் பொம்பளை, எல்லாரு போர்டையும் திருப்பித் திருப்பிப் பாப்பா, பஞ்சவர்ணம் போர்டுன்னா பாக்காமலே அனுப்பிடுவா. பஞ்சவர்ணம் நான்தான். கடை வாசல் போர்டுல நசீர்னு போட்டிருக்கே, அது நீங்களா உங்க அத்தாவா. நீங்கதானா. சரி.

அந்த ஓட்டைக்குள்ள, நசீர் தம்பி, ஒரு சின்னத் தகடு இருக்கும். நகத்துல பாதிகூட இருக்காது. பின்னு உள்ள போனா அந்தத் தகடைத் தள்ளும். தள்ளுனா ஸ்பீக்கருக்குப் போற வழி அடைச்சிடும். அப்ப வெளிச் சத்தம் தானா நின்னு, காதுக்குள்ள மட்டும் கேக்கும். யாரும் ஒரு பட்டனையும் அமுக்க வேணாம். இது உங்களுக்குத் தெரியும், தெரியாம கடை வைக்க மாட்டீங்க. எனக்கும் தெரியும்னு உங்களுக்குத் தெரியணும், அதுக்குச் சொல்றேன்.

பொறுங்க, பொறுங்க. போன்ல மாட்டாதீங்க இன்னும். முதல்ல இந்தப் படத்தைப் பாருங்க. டிவிக்குப் பின்னாடி எடுத்தது. அலமாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல கையை விட்டு நானே எடுத்தேன், அதான் கட்டைவிரலும் விழுந்திருக்கு. தெரியுதா. ஆமா, அந்த வட்ட ஓட்டையிலதான் போட்டேன். இல்ல, அதைப் பத்தி இப்பச் சொல்லாதீங்க. மத்ததைச் சொல்லுங்க. இந்தச் சதுர ஓட்டை எதுக்கு. ஓ, மூடியைத் தள்ளுனா உள்ள சிகப்பா வெளிச்சம் வருமா. அதுல ஒரு வயரு போட்டு, இந்தத் தீப்பெட்டி மாதிரி பொட்டியில குடுத்து, பொட்டியிலதான் ஹெட்போன் சொருகுற ஓட்டை இருக்கா. இம்மாஞ்சின்னப் பொட்டி. கேபிள் டிவி பொட்டியிலயும் ஓட்டை கிடையாது, ஆமா, அதையும் திருப்பிப் பாத்துட்டேன். வயரே இல்லாத ஹெட்போனுக்கும் இதே மாதிரி இருக்கா. அதெல்லாம் வேணாம். அது சார்ஜ் போடணும், அவரு மறந்துடுவாரு.

யாரா. எங்க வீட்டுக்காரரு. தங்கராஜு. ஷிப்யார்டுல இருந்தவரு. கப்பல் தொட்டிக்குள்ள இறங்கி, சுத்தியலால தட்டித் தட்டித் துரு எடுக்கணும். இரும்புக் குடத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு வெளியே இருந்து ஒருத்தன் அடிச்சா எப்படி இருக்கும், அப்படி முப்பது வருசம். ஆரம்பத்துல காதுக்கு ஒண்ணும் குடுக்கமாட்டாங்க, பஞ்சு அடைச்சுக்குவாராம். என்னை அவரு பஞ்சுன்னுதான் கூப்பிடுவாரு. வேலையிலயும் பஞ்சு, வீட்டுலயும் பஞ்சு, அப்புறம் எனக்கு எங்க காது கேக்கும்னு சொல்லிச் சிரிப்பாரு. வலது காதுல கொஞ்சம் கேக்கும். இடது சுத்தம். பாலிகிளினிக்ல எழுதிக் குடுத்து காது மெஷினும் வாங்குனோம். விசிலடிக்குது, தலைக்குள்ள போலீஸ்காரன் நிக்கிற மாதிரி இருக்குன்னு கழட்டி டிராயர்ல போட்டாரு. அதோட சரி.

அவருக்கு இருந்த ஒரே ஆசை டிவி. சாயங்காலம் குளிச்சிட்டு, விபூதி பூசிட்டு, எட்டு மணி நாடகத்துக்கு ஏழே முக்காலுக்கே உக்காந்துடுவாரு. சத்தம் எம்பதுல இருக்கும். மார்சிலிங்ல எங்க புளோக்குக்கு வந்து கேளுங்க, லிஃப்டுக் கதவு திறந்தாலே எங்க வீட்டு நாடகம் கேக்கும், எந்த வீடுன்னு நம்பரே பாக்க வேணாம். எதிர் வீட்டுல ஒரு மலாய்க்கார அம்மா, மக்சிக்னு கூப்பிடுவோம். ரொம்ப நல்ல மாதிரி. சண்டை போடாது. ஒரு தட்டுல குயேப் பலகாரம் செஞ்சு கொண்டு வந்து குடுத்துட்டு, போகும்போது மெதுவா, அங்கிள் டிவி கொஞ்சம்னு சொல்லும். அதுக்கப்புறம் குயே தட்டைப் பாத்தாலே நான் ரிமோட்டைத் தேடி ஓடுவேன்.

எனக்கும் தலைக்குள்ள இடிக்கும் தம்பி. நான் பொய் சொல்லல. ஒரு நாளு ரெண்டு நாளுன்னா சரி. வருசக் கணக்கா. ரேடியோவுல எனக்குப் புடிச்ச பாட்டு போடுவான், ஒரு வரி கேக்க முடியாது.

போன தீபாவளிக்கு சம்பந்தி வந்திருந்தாங்க. என் மகன் ஷங்கரோட மாமனாரு, பாலகிருஷ்ணன்னு பேரு, ஸ்கூல் வாத்தியாரா இருந்தவரு, அளந்து பேசுவாரு. அவரு ஏதோ கேக்குறாரு, எனக்குக் கேக்கல. நான் பதில் சொல்றேன், அவருக்குக் கேக்கல. டிவி கத்துது. முறுக்குத் தட்டைக் கையில வச்சுக்கிட்டே நான் சொன்னேன், இந்தக் காது செத்த மனுசனைக் கட்டிக்கிட்டு நானும் செவிடாயிட்டேன், எப்பத்தான் எனக்கு விடிவுகாலமோன்னு.

மெதுவாத்தான் சொன்னேன். முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு, டிவி அந்தக் கத்து கத்துது, அவருக்கு எங்க கேக்கப்போகுதுன்னு நெனச்சேன். கேட்டுருச்சு. மத்த எதுவும் கேக்காது, அது மட்டும் கேட்டுருச்சு. திரும்பிப் பாக்கல. ரிமோட்டை எடுத்தாரு. எம்பது, அறுபது, நாப்பது, ஒவ்வொண்ணா அமுக்கி சைபருக்குக் கொண்டு வந்து வச்சிட்டு, சத்தமில்லாத படத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. சம்பந்தி வீட்டுக்காரங்க முறுக்கு கடிக்கிற சத்தம் மட்டும் கேக்குது.

அவங்களைப் பாருங்க தம்பி, ரொம்ப நேரமா நிக்கிறாங்க. சார்ஜர்தானே. குடுத்து அனுப்புங்க. நான் எங்கேயும் போகல.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆமா, அதுக்கப்புறம் ஒரு வாரம் அவரு சத்தமே வைக்கல. நான் ரிமோட்டை எடுத்து நாப்பதுல வைப்பேன், நான் அடுப்படிக்குப் போனதும் சைபர் ஆகியிருக்கும். மன்னிச்சிருங்கன்னு சொல்ற பழக்கமெல்லாம் எங்க ரெண்டு பேருக்கும் கிடையாது. நாப்பத்தாறு வருசத்துல சொன்னதில்ல. மனசு சரியில்லன்னா மீன் வாங்கி வறுப்பேன், அவரு பூ வாங்கிட்டு வருவாரு, அதோட முடிஞ்சிடும். இந்தத் தடவை மீனு பத்தல. அதான் எம்ஆர்டி ரயில் ஏறி, டோபி காட்ல மாறி, உங்க கடைக்கு வந்து இந்த ஹெட்போனை வாங்குனேன். பாருங்க, நல்ல பெரிய பஞ்சு வச்சது, காதை முழுசா மூடுற மாதிரி. நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க.

ஷங்கர் கிட்ட போன்ல சொன்னேன். அவன் புங்கோல்ல இருக்கான். அம்மா, அந்த டிவியில ஓட்டை கிடையாது, அதுக்கு ஒரு பொட்டி வாங்கணும், சனிக்கிழமை நானே வந்து மாட்டித் தரேன், அதுவரைக்கும் கை வைக்காதீங்கன்னான். நீங்க சொன்னதேதான். எனக்குச் சுருக்குனு ஆச்சு. எனக்கே பாடம் சொல்றானேன்னு. நீ பாலு குடிக்கையில நான் அந்த ஓட்டைக்கு ஈயம் வச்சவடா, வைடா போனைன்னுட்டேன். சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்துச்சு. அந்த மனுசன் நாலு நாளு ஊமைப் படம் பாக்கணுமா.

டிவியை நகத்திப் பாத்தேன். பின்னாடி இருட்டு. கையை விட்டுத் தடவுறேன், சட்டுனு விரல்ல தட்டுப்பட்டுச்சு. வட்ட ஓட்டை. இருபத்திரண்டு வருசம் தொட்ட ஓட்டை தம்பி, கண்ணு எதுக்கு. பக்கத்துல ஏதோ இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு, அதை யாரு பாத்தா. பின்னை வச்சு அமுக்குனேன். டக்குனு உக்காந்துச்சு. அந்த டக்கு இருக்கே, அது எனக்கு நல்லாத் தெரிஞ்ச டக்கு. ஷங்கருக்குப் போன் போட்டு, ஓட்டை இல்லன்னியே, உங்கம்மா கண்டுபுடிச்சிட்டான்னு சொல்லி நல்லா வாங்கு வாங்குனு வாங்குனேன்.

ஆனா டிவி சத்தம் நிக்கல.

ஆமா. அதேதான். தானா நிக்கணும். தகடு தள்ளுனா நிக்கணும். நிக்கல. நான் ரெண்டு நிமிசம் அங்கயே குத்த வச்சு உக்காந்திருந்தேன். மனசுல ஒரு மூலையில என்னமோ சொல்லுது. அதை அப்படியே அமுக்கிட்டேன். இந்தக் காலத்து டிவி எல்லாம் வேற மாதிரி போல, நாமளே நிறுத்தணும் போலன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு, ரிமோட்டை எடுத்துச் சைபர்ல வச்சேன். வீடு அமைதியாயிடுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அந்த அப்பாடாவை நெனச்சா இப்பக் கூசுது.

அவரைக் கூப்பிட்டு உக்கார வச்சு, நானே தலையில மாட்டி விட்டேன். சின்னப் புள்ளைக்குத் தொப்பி போடுற மாதிரி உக்காந்திருந்தாரு. வலது பக்கம் கொஞ்சம் தூக்கி, கேக்குதான்னு கேட்டேன். என் மூஞ்சியைப் பாத்தாரு. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, கோயில் மணி மாதிரி கேக்குது பஞ்சுன்னு.

அன்னைக்கு ராத்திரி பூ வாங்கிட்டு வந்தாரு.

அதுக்கப்புறம் எட்டு மாசம். எங்க வீட்டுல அப்படி ஒரு அமைதி. மக்சிக் குயே கொண்டு வந்துச்சு, சும்மாவே குடுத்துட்டுப் போச்சு, ஒரு வார்த்தை சொல்லல. அவரு ஹெட்போனை மாட்டிக்கிட்டு நாடகம் பாப்பாரு. நான் பக்கத்துலயே பேப்பரை விரிச்சு நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கிட்டு இருப்பேன். எனக்கு நாடகம் புடிக்காது, எல்லாரும் அழுவாங்க. ஷங்கர் வந்தாலும் டிவி போடமாட்டான், போனைத்தான் பாப்பான். அதனால அந்த டிவி சைபர்லயேதான் இருந்துச்சு. விளம்பரம் வந்ததும் நான் அவரு தோள்ல தட்டுவேன். வலது காதை மட்டும் விலக்குவாரு. என்னாச்சு கதைன்னு கேப்பேன். புடிக்காதுன்னு சொல்றவளுக்குக் கதை எதுக்குன்னு கேக்கக்கூடாது. எல்லாரும் அழுறது புடிக்காது, ஏன் அழுறாங்கன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

அவரு கதை சொல்லுவாரு பாருங்க. அந்த மனுசன் எங்கிட்ட அவ்வளவு பேசுனதே இல்ல. கலியாணம் ஆனதுல இருந்து எண்ணுனாகூட, அந்த எட்டு மாசத்துல பேசுனதுதான் அதிகம். தீபாவளிக்கு அப்புறம் ஆரம்பிச்ச புது நாடகம். வர்ஷான்னு ஒரு பொண்ணாம். அப்பா அம்மா சொல்லு கேக்காம ஒருத்தனைக் கட்டிக்கிட்டு வெளியூரு போயிட்டாளாம். அவன் நல்லவன்தானாம், ஆனா கையாலாகாதவனாம். இங்க வீட்டுல அவளோட அப்பா, பேச்சே குறைச்சல். அம்மாக்காரி இருக்காளே, வாயாடியாம். ஃபேக்டரியில வேலை பாத்தவளாம். வாயைத் திறந்தா தீயணைப்பு வண்டி வந்துதான் நிறுத்தணுமாம். ஆனா மகளை நெனச்சு ராத்திரி தலகாணியை நனைப்பாளாம், வெளியே காட்டிக்க மாட்டாளாம். என்னங்க, அவ என்னை மாதிரியே இருக்காளேன்னேன். நாடகம் எழுதுறவனுக்கு உன்னைத் தெரிஞ்சிருக்கு, எதுக்கும் கேஸு போட்டு வைன்னாரு.

நெத்திலியை அப்படியே விட்டுட்டுச் சிரிச்சேன். மறுநாள் எப்ப எட்டு மணி ஆகும்னு இருக்கும் எனக்கே.

என்ன, கூட்டிட்டு வரச் சொல்றீங்களா. காதுல வச்சுப் பாத்து வாங்கிக்கலாம்னா. இல்ல தம்பி. அவரால வர முடியாது.

சரி. போட்டுப் பாருங்க. எவ்வளவு நேரம்தான் நானும் பேசிக்கிட்டே இருக்குறது. உங்க போன்ல ஏதாவது பாட்டு போட்டு, அந்தப் பின்னை மாட்டுங்க. ஒண்ணு சொல்றேன். சத்தம் வரலன்னா யோசிக்காம வரலன்னு சொல்லிடுங்க. வயரு உள்ள அறுந்திருக்கலாம். வாங்கும்போதே அறுந்திருக்கலாம். பொட்டிக்குள்ள மடிச்சு மடிச்சு வைக்கிறாங்க, அறுந்துபோறது ஒண்ணும் அதிசயம் இல்ல, எங்க லைன்லயே நான் பாத்திருக்கேன். அப்படின்னா அது செஞ்சவன் தப்பு. உங்க தப்பும் இல்ல. என் தப்பும் இல்ல.

என்ன தம்பி, கழட்டிக் கீழ வச்சிட்டீங்க.

குடுங்க இப்படி. நானே வச்சுப் பாக்குறேன்.

கோயில் மணி மாதிரி கேக்குது.

ரெண்டு பக்கமும் கேக்குது. அறுந்து போகல. எடுத்துடுங்க, போதும். பாட்டை நிறுத்துங்க தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க.

இப்பச் சொல்லுங்க அந்த வட்ட ஓட்டையைப் பத்தி. அது வேற மெஷினோட படத்தையும் சத்தத்தையும் டிவிக்குள்ள அனுப்புற ஓட்டையா. டிவிக்குள்ள இருக்குற சத்தம் அது வழியா வெளியே வராதா. ஒரு துளிகூட வராதா. ம். ஷங்கரும் அப்படித்தான் சொன்னான். அவன் என்னைச் சமாதானப்படுத்த, ஹெட்போன்தான் கெட்டிருக்கும்மான்னும் சொன்னான். அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க விக்கிறவரு, உங்களுக்கு என் அம்மா, என் அப்பான்னு பாசம் கிடையாது, உள்ளதைச் சொல்லுவீங்கன்னு.

தண்ணி வேணாம். இருக்கு பையில.

எப்படித் தெரிஞ்சுதுன்னா, போன மாசம் ஒரு நாளு வீடு ரொம்ப அமைதியா இருந்துச்சு. எட்டு மணி ஆச்சு. வர்ஷா என்ன ஆனாளோன்னு டிவியைப் போட்டு, அவரு சேர்ல உக்காந்து, இதை எடுத்து மாட்டுனேன். ஒண்ணும் கேக்கல. கழட்டி மாட்டுனேன். கேக்கல. சரின்னு தூக்கி வச்சிட்டு, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை வச்சேன். எட்டு மாசம் கழிச்சு அந்த டிவி வாயைத் திறந்துச்சு. அதே மூஞ்சிங்கதான். அவரு வர்ஷான்னு காட்டுவாரே, மூக்குத்தி போட்ட பொண்ணு, அவ நிக்கிறா. அவளை வேற பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க. அவ மகளே இல்ல. அந்த வீட்டு வக்கீலாம். அம்மாக்காரின்னு சொன்னாரே, அவ ஒரு பெரிய கம்பெனிக்கு முதலாளியாம், அமெரிக்காவுல படிச்சவளாம். ஃபேக்டரியில வேலை பாத்தவ யாருமே அந்தக் கதையில இல்ல.

சேனல் மாறிப்போச்சோன்னு பாத்தேன். மாறல. கீழ் மாடியில முத்தாயின்னு ஒரு அம்மா இருக்கு, ஒரு நாளு விடாமப் பாக்கும். அதுகிட்ட போய்க் கேட்டேன். ஆரம்பத்துல இருந்தே இதுதானே கதை, நீ எதைச் சொல்றன்னுச்சு.

எட்டு மாசம் தம்பி. ஒரு சத்தமும் இல்லாத ஹெட்போனை மாட்டிக்கிட்டு, வாயசைக்கிறவங்களைப் பாத்து, அந்த மனுசனே ஒரு கதையைக் கட்டி எனக்குச் சொல்லியிருக்காரு.

நான் ரெண்டு மாதிரி யோசிக்கிறேன். ஒண்ணு, மாட்டுன அன்னைக்கே காது மொத்தமாப் போயிடுச்சுன்னு அவரு நெனச்சிருக்கணும். ஹெட்போன் வச்சே கேக்கலன்னா இனிமே அவ்வளவுதான்னு முடிவு பண்ணி, வெளியே சொல்லாம இருந்திருக்கணும். இல்லன்னா, நான் தப்பா மாட்டிட்டேன்னு தெரிஞ்சே இருந்திருக்கணும். ரிமோட்டு அவரு கையிலதான் இருந்துச்சு. ஒரே ஒரு அமுக்கு. ஆனா நான் அவ்வளவு சந்தோசமா மூஞ்சியை வச்சுக்கிட்டு முன்னாடி நிக்கிறேன் பாருங்க, கேக்குதா கேக்குதான்னு. ரெண்டாவதா இருந்தா தேவலைன்னு நெனைக்கிறேன். அப்புறம் ராத்திரி படுத்தா, அதுவும் தாங்கமாட்டேங்குது.

இல்ல, அவரைக் கேக்க முடியாது. அதான் சொன்னேனே.

அந்தப் பொட்டியை எடுத்து வச்சிடுங்க தம்பி. வேணாம். நல்ல சாமான்தான், கேக்குறவங்களுக்குக் குடுங்க. இந்த வயரை மட்டும் அது இருந்த மாதிரியே சுத்திக் குடுங்க, அவரு அப்படித்தான் சுத்தி வைப்பாரு. திரும்பவும் அந்த வட்ட ஓட்டையிலயே போட்டுக்குறேன். கேக்காதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்.

என்னன்னா, கதை பாதியில நிக்குது. கடைசியாச் சொன்ன அன்னைக்கு வர்ஷா ஊர்ல இருந்து வந்துட்டா. பெட்டியைக் கையில வச்சுக்கிட்டு வீட்டு வாசல்ல நிக்கிறா. உள்ள அம்மாக்காரி அடுப்படியில இருக்கா, பாக்கல. அப்பங்காரன் பாத்துட்டான், ஆனா கூப்பிடவும் தெரியல, வாயும் வரல. கூப்பிட்டானா இல்லையான்னு கேட்டேன். நாளைக்குத்தான் தெரியும், போய்ப் படு பஞ்சுன்னாரு. காலையில எழுப்பப் போனா உடம்பு சில்லுன்னு இருந்துச்சு. தூக்கத்துலயே. மண்டாய்க்குக் கொண்டு போய் எரிச்சு நாளைக்கு நாப்பத்தோரு நாளு.

மணி என்ன ஆச்சு. ஆறேகாலா. அப்ப நான் கிளம்புறேன் தம்பி, டோபி காட்ல மாறுறதுக்குள்ள கூட்டம் வந்துடும். எட்டுக்குள்ள வீட்டுல இருக்கணும். சத்தத்தைச் சைபர்ல வச்சிட்டு, இதை மாட்டிக்கிட்டு உக்காந்தா, யாராவது ஒருத்தர் கூப்பிட்டாங்களான்னு நானே பாத்துச் சொல்லிக்குவேன். அந்தப் பொண்ணு எத்தனை நாளா வாசல்லயே நிக்கிறா, பாவம்.